பூம்புகார்: கடல் கொண்டதும் கொண்டிருப்பதும்

மணிமேகலை, புகாரின் கடல்கோளை இந்திரவிழா மறக்கப்பட்டதோடு இணைக்கிறது. அந்த ஒற்றைப் பேரழிவைத் தேடுவதிலேயே பூம்புகார் ஆய்வு பெரிதும் நின்றுவிட்டது. கடலுக்குள் 23 மீட்டர் ஆழத்தில் கண்ட குதிரைலாட வடிவ அமைப்பு மனிதர் கட்டியதா எனும் விவாதம் இன்றும் ஓயவில்லை. அலை ஏறி இறங்கும் கரையிலேயே வெளிப்பட்ட செங்கற்கட்டுமானங்களோ அத்தகு கவனம் பெறவில்லை. கடல்மட்டம் உயர்கையில் முதலில் அழியக்கூடியவை இவையே. ஒருமுறை கண்டு எழுதிய குறிப்பே நிலையான சான்றாக மேற்கோளாகிறது. அச்செங்கற்கள் இன்று உள்ளனவா என்ற வினா அரிதாகவே எழுகிறது.

ஸ்காட்லாந்தில் 2012 முதல் 2016 வரை நடந்த திட்டமொன்றில், தன்னார்வலர்கள் அரிப்புக்குள்ளான தொல்லிடங்களை மீண்டும் சென்று கண்டு, அவற்றின் நிலையை ஒளிப்படத்துடன் பதிந்தனர். பூம்புகாரில் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் ஒரே புள்ளியிலிருந்து எடுக்கும் ஒளிப்படங்களோடு இப்பணியைத் தொடங்கலாம். கரையின் மாற்றத்தை நாளும் காணும் வானகிரி மீனவரே அதற்கு முதல் துணை.