ஸ்கேட்டர் பாஷை

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் ஸ்ட்ரீட் ஸ்கேட்போர்டிங் இறுதிப் போட்டி. கடைசி முயற்சிக்கு ஜப்பானின் யூட்டோ ஹோரிகோமே நின்றபோது பதக்கப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. உருண்டு வந்தார், எகிறினார், கம்பியில் வழுக்கினார், இறங்கினார். மொத்தமே சில நொடிகள்தான். 97.08 மதிப்பெண். 0.10 வித்தியாசத்தில் தங்கம் அவருக்கு.

அவர் செய்த வித்தையின் பெயர் நாலி 270 ப்ளன்ட்ஸ்லைடு. பெயர் தெரியாதவருக்கு அது வெறும் கலங்கலான வேகம். தெரிந்தவருக்கு அதில் மூன்று தனித்தனிச் செயல்கள் தெரியும். நாலி என்றால் பலகையின் வாலை அல்ல, மூக்கை மிதித்து எழும்புவது. 270 என்பது காற்றில் முக்கால் சுற்று. அதன் பெரும்பகுதியில் கம்பி கண்ணிலேயே படாது. ப்ளன்ட்ஸ்லைடு என்றால் பின்சக்கரங்கள் கம்பிக்கு மேலே ஏறி நிற்க, வால் உரசியபடி வழுக்குவது. அந்த நிலையிலிருந்து பலகையை மறுபடி எகிற வைத்தால்தான் தரைக்கு வர முடியும். கச்சேரியில் ராகம் பிடிபட்ட பிறகு காது வேறு மாதிரி கேட்குமே, அதேபோலத்தான் இதுவும். பெயர் தெரிந்த பிறகு கண் வேறு மாதிரி பார்க்கிறது. ஸ்கேட்டர்களின் கொச்சையை நான் ரசிப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

இந்தப் பாஷையின் வேர்ச்சொல் ஓலி. 1970-களின் பிற்பாதியில் ஃப்ளோரிடாவில் ஆலன் கெல்ஃபாண்ட் என்ற பையன், கிண்ணம் போன்ற தளத்தின் சுவரில் ஏறி, கையால் பிடிக்காமலேயே பலகையோடு காற்றில் எழும்பினான். நண்பர்கள் அவனைக் கூப்பிட்ட செல்லப் பெயர் ஓலி. வித்தைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. 1982-இல் ராட்னி மல்லன் அதைச் சமதளத்துக்குக் கொண்டுவந்தார். பின்கால் வாலை ஓங்கி மிதிக்கிறது. வால் தரையில் டொக் என்று மோதுகிறது. அதே கணத்தில் முன்கால், ஷூவின் பக்கவாட்டுப் பகுதி உரச, மேல்நோக்கி இழுக்கிறது. பலகை காலோடு ஒட்டியதுபோல எழுகிறது. அந்த மோதலின் பெயர் பாப். நல்ல ஸ்கேட்டரின் பாப் சத்தத்தை வைத்தே அவர் எவ்வளவு உயரம் எழுவார் என்று ஊகிக்கிறவர்கள் உண்டு. இன்று தெருவில் செய்யப்படும் வித்தைகளில் பெரும்பாலானவை இந்த ஓலியின் மேல் கட்டப்பட்டவை. நோஸும், அதாவது மூக்கும், ஓலியும் சேர்ந்ததுதான் நாலி.

ஆள் பெயர் வித்தைப் பெயர் ஆவது இங்கே வழக்கம். ஸ்டீவ் கபாலெரோ ஃபேக்கியில், அதாவது நிற்கும் நிலையை மாற்றாமல் பின்னோக்கி, சுவரில் ஏறி, கையால் பிடிக்காமல் காற்றில் முழுச் சுற்று சுற்றினார். அதற்குக் கபாலெரியல் என்று பெயர் வந்தது. அதில் பாதிச் சுற்று ஹாஃப் கேப். பிறகு அவர் பெயரில் வந்த உயரமான ஷூவை ஸ்கேட்டர்கள் தாங்களே வெட்டிக் குட்டையாக்கிப் போட்டுக்கொள்ள, 1992-இல் வேன்ஸ் நிறுவனமே குட்டை ஷூவை வெளியிட்டது. அதன் பெயரும் ஹாஃப் கேப். சுவரில் பிறந்த ஒரு சொல் பாதியாகி, தெருவுக்கு வந்து, கடைசியில் காலில் ஏறிக்கொண்டது.

நிற்கும் விதத்துக்கும் சொற்கள் உண்டு. இடதுகால் முன்னே வைத்தால் ரெகுலர், வலதுகால் முன்னே வைத்தால் கூஃபி. கூஃபி என்பது குறை அல்ல. புகழ்பெற்ற ஸ்கேட்டர் டோனி ஹாக்கே கூஃபிதான். தனக்கு இயல்பான நிலையைத் தலைகீழாக மாற்றி நிற்பது ஸ்விட்ச். பழகிய வித்தையைக்கூட ஸ்விட்சில் அடியிலிருந்து மறுபடி கற்க வேண்டும். அதனால்தான் ஒரு வித்தையின் பெயருக்கு முன்னால் ஸ்விட்ச் என்ற சொல் சேர்ந்ததும் கேட்பவரின் புருவம் உயர்கிறது. ஃப்ரன்ட்சைடு, பேக்சைடு இரண்டும் கடலலைச் சறுக்கிலிருந்து வந்தவை. அலை நெஞ்சுக்கு நேரே இருந்தால் ஃப்ரன்ட்சைடு. ஸ்கேட்டர் அதைக் கம்பிக்குப் பொருத்திக்கொண்டார். ஆனால் பலகையின் நடுப்பகுதியால் வழுக்கும் ஃப்ரன்ட்சைடு போர்டுஸ்லைடில் கம்பியை நெஞ்சால் அணுகுகிறவர், வழுக்கும்போது போகிற திசைக்கு முதுகைத்தான் காட்டுகிறார். புதியவர்கள் தடுமாறும் இடம் இது. பெயர் அணுகுமுறையைச் சொல்கிறது, வழுக்கலை அல்ல என்று பிடிபட்டால் குழப்பம் தீரும்.

இடங்களும் இந்தப் பாஷைக்குள் வந்துவிட்டன. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஹப்பா ஹைட்அவுட் என்று ஒரு படிக்கட்டு இருந்தது. இருபுறமும் தடித்த சாய்வான கைப்பிடிச் சுவர்கள். அங்கே ஒதுங்கிப் போதைப்பொருள் புகைத்தவர்களால் வந்த பெயர் அது. 2011-இல் அந்தச் சுவர்களை இடித்துவிட்டார்கள். ஆனால் உலகின் எந்த மூலையிலும் படிக்கட்டோரச் சாய்சுவரைக் கண்டால் ஸ்கேட்டர் இன்றும் ஹப்பா என்கிறார். அந்த நகரத்தைப் பார்த்திராத சிறுவனும் அப்படித்தான் சொல்கிறான்.

நான் மிகவும் மதிக்கும் சொற்கள் இரண்டு: ஏ.பி.டி., என்.பி.டி. முன்னதற்கு ‘ஏற்கெனவே செய்தாயிற்று’ என்று பொருள். பின்னதற்கு ‘இதுவரை யாரும் செய்ததில்லை’ என்று பொருள். ஓர் இடத்தில் ஒருவர் ஒரு வித்தையை வீடியோவில் பதிவு செய்துவிட்டால் அது அவருடையது. அடுத்து வருகிறவர் அதையே அங்கே செய்து பெருமை கொள்வது அழகல்ல. வேறொன்றைக் கொண்டுவர வேண்டும். எழுதி வைத்த சட்டம் கிடையாது, நடுவரும் கிடையாது. அந்த இரண்டு சுருக்கங்களே முன்னவர்களின் வரலாற்றை ஒவ்வொருவரையும் படிக்க வைக்கின்றன. கலைக்கு இதைவிட நல்ல ஒழுக்கம் எனக்குத் தெரியவில்லை.

தரையிறங்குவதற்கும் தரம் உண்டு. இரு கால்களும் பலகையின் எட்டு போல்ட்டுகளுக்கு மேலேயே அசையாமல் இறங்கினால் ‘போல்ட்ஸ்!’ என்று கூவுவார்கள். தள்ளாடி, கைவீசி, எப்படியோ நின்றால் ஸ்கெட்சி. ஆபத்தை முன்பே உணர்ந்து பலகையை விட்டுக் குதித்தால் பெயில். தரையில் அப்படியே மோதினால் ஸ்லாம். பெயிலுக்கும் ஸ்லாமுக்கும் உள்ள தூரம் முழங்கை தேய்ந்தவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும். இந்தச் சொற்களைப் பலகை மேல் நின்று கற்க வேண்டும். உடம்புக்கு முன்னால் நாக்கு ஓடினால் போசர் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவார்கள். அது கடுமைதான், ஆனாலும் நியாயம்.

இந்தப் பாஷையில் எல்லாம் சரியாக இருந்துவிடவில்லை. முன்கையால் பலகையின் விரல் பக்க விளிம்பைப் பிடித்துப் பறக்கும் ஒரு பிடிக்கு நாற்பது ஆண்டுகளாக ம்யூட், அதாவது ஊமை, என்று பெயர் இருந்தது. 1980-களின் தொடக்கத்தில் அதைச் செய்தவர் கிறிஸ் வெடில். அவருக்குக் காது கேட்காது. பேச வராதவர் அல்ல. அதிகம் பேசாத பையன் என்று சகாக்கள் போட்டுவிட்ட பெயர் அவருடைய பெயரையே மறைத்துவிட்டது. 2020-இல் டோனி ஹாக் இந்தக் கதையை வெளிப்படையாகச் சொல்லி, அதே ஆண்டு வந்த தன் வீடியோ கேமில் அதை வெடில் கிராப் என்று மாற்றினார்.

2028-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கிலும் ஸ்கேட்போர்டிங் உண்டு. டிவியில் பார்ப்பவர்கள் சத்தத்தைக் குறைக்காமல் வர்ணனையாளர் சொல்லும் பெயர்களைக் கேளுங்கள். அந்தப் பிடியைக் கண்டால் பக்கத்தில் இருப்பவரிடம் வெடில் என்றே சொல்லுங்கள்.