மருந்தின் பதம்

துவக்கைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் பேச்சு குழலில் தொடங்கி, பிடியின் மரத்துக்கு வந்து, செய்த கம்பனியின் பெயரில் போய் முடியும். உள்ளே போகிற மருந்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. என்னைக் கேட்டால் வேட்டைத் துவக்கின் நுட்பமெல்லாம் அந்த மருந்தில்தான் இருக்கிறது. நல்ல குழலைக் காசிருப்பவன் வாங்கிவிடலாம். இந்தக் குழலுக்கு, இந்த எடை ஈயத்துக்கு, இந்த மருந்துதான் என்று தீர்மானிப்பதற்குக் கணக்கும் வேண்டும், ருசியும் வேண்டும்.

மலையகத்தில் இந்தப் பேச்சை எடுத்தால் சாமுவேல் பேக்கரை விட்டுவிட்டுப் போகமுடியாது. காய்ச்சலில் நொந்துபோய் உடம்பு தேற நுவரெலியா வந்தவர், குளிரில் மயங்கி, 1848இல் இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் மாடுகளையும் கொண்டுவந்து பண்ணை போட்டார். 1855இல் இலங்கையை விட்டுப் போனார். பிறகு ஆப்பிரிக்காவில் ஆல்பர்ட் ஏரியைக் கண்டு புகழடைந்தார். அவருடைய வேட்டை நூல் 1854இல் வந்தது. அவர் சுட்ட மரைகளையும் யானைகளையும் இன்று எண்ணிப் படித்தால் வயிறு கலங்கும். அவருக்குச் சற்று முன் பதுளையில் அதிகாரியாக இருந்த மேஜர் ரோஜர்ஸ் 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகச் சொல்வார்கள். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் செத்தார். அது யானைகள் கேட்ட நியாயம் என்று சொல்பவர்களோடு நான் வாதாடப் போவதில்லை.

ஆனால் மருந்து விஷயத்தில் பேக்கர் சாதாரண ஆளில்லை. அவர் வந்த காலத்தில் இலங்கை வேட்டைக்காரர்கள் கையில் இருந்தவை பெரும்பாலும் உள்வரியில்லாத வழுவழுக் குழல் துவக்குகள். பேக்கரோ 1840இலேயே பிரிஸ்டல் நகரத்து கிப்ஸிடம் ஒரு ரைபிள் செய்யச் சொல்லியிருந்தார். எடை 21 இறாத்தல், குழல் நீளம் 36 அங்குலம், குண்டு 3 அவுன்ஸ். அதற்கு மருந்து 16 டிராம், அதாவது முழுதாக ஒரு அவுன்ஸ்! 12 போர் என்ற குழல் அளவுள்ள துவக்குக்கு வழக்கமான பழைய கணக்கு 3 டிராம்தான். ஐந்து மடங்குக்கும் மேல் போட்டிருக்கிறார். கேட்பவருக்கு இது முரட்டுத்தனமாகப் படும். அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் அதில் ஒரு ஒழுங்கு தெரிகிறது. குண்டு கனமானது, அதனால் மருந்து கூட. மருந்து கூட என்பதால் அது எரிந்து முடிக்க நீளமான குழல். உதை தோளைப் பிய்க்காமலிருக்க 21 இறாத்தல் எடை. ஒன்றை மாற்றினால் மற்ற மூன்றையும் மாற்றவேண்டும். அதிகம் போட்டார் என்பதல்ல, பொருந்தப் போட்டார் என்பதுதான் விஷயம்.

இந்தப் பொருத்தத்தின் அடியில் இருப்பது நேரம். மருந்து வெடிக்கிறது என்று நாம் சொன்னாலும், குழலுக்குள் அது எரியத்தான் செய்கிறது, மிக வேகமாக. எவ்வளவு வேகம் என்பதுதான் கேள்வி. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரே கொழுந்து, ஒரே நாள் அரைத்தது, சல்லடையில் ஏறியதும் ஓ.பி., பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் என்று பிரிகிறது. லயத்துக் கேத்தலில் போடுகிற டஸ்ட், கொதிநீர் பட்டதுமே சாயம் இறக்கிவிடும். முழு இலை ஓ.பி. ஆற அமர இறங்கும். துகள் சின்னதானால் நீர் தொடும் பரப்பு கூடும், அவ்வளவுதான். பேக்கர் காலத்து மருந்தான கரிமருந்தும் அப்படியே சலித்துத் தரம் பிரிக்கப்பட்டது. அமெரிக்கப் பழக்கத்தில் ‘எஃப்’ என்ற எழுத்தை அடுக்கிக்கொண்டே போவார்கள். ஒரு எஃப் என்றால் பரல் பெரிது, 8 போர், 10 போர் போன்ற பெரிய குழல்களுக்கு. இரண்டு எஃப் 12 போருக்கு. மூன்று எஃப் சின்னக் குழலுக்கு. கனமான ஈயத்தின் பின்னால் நுண்பரலை வைத்தால், ஈயம் நகரத் தொடங்குமுன்னே அத்தனையும் எரிந்து அழுத்தம் உச்சிக்குப் போய்விடும். தேநீர் என்றால் கசப்போடு போயிற்று.

கரிமருந்தின் உறுப்புகள் மூன்றுதான்: வெடியுப்பு, கரி, கந்தகம். வெடியுப்புக்கு இந்த மலைகளிலேயே ஊற்று இருந்தது. ஜோன் டேவி 1821இல் வெளியிட்ட நூலில், நக்கிள்ஸ் பக்கம் மீமுரே அருகிலுள்ள குகையில் மண்ணைக் கழுவி வெடியுப்பு எடுத்ததை எழுதியிருக்கிறார். கண்டி இராச்சியத்துத் துவக்குகளுக்கு இப்படிக் குகை மண்ணும் வேலை செய்திருக்கிறது. பழைய கைகாரர்கள் மருந்தைச் சோதித்த விதம் எனக்குப் பிடிக்கும். வெள்ளைத் தாளில் கொஞ்சம் கொட்டி உருட்டுவார்கள். தாளில் கரித்தூசு ஒட்டினால் பரல் உதிர்கிறது, மருந்து ஆகாது. நல்ல பரல் காரீயம் பூசி மெருகேற்றியது போல மினுங்கும். காரீயம் உண்மையாகவே பூசப்படுவதும் உண்டு. ஈரத்தைச் சற்றுத் தடுக்கும், பரல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு கொட்டும்.

ஈரம் என்றால் நுவரெலியாவில் அது சின்ன வார்த்தையில்லை. கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல், பாதி நாள் முகில் வாசலுக்குள் நுழையும் ஊர். காகிதத் தோட்டா ஊதிப் பருத்தால் குழலுக்குள் போகாது. பித்தளைத் தோட்டாக் கூட்டுக்கு இந்தக் கவலை இல்லை. சுட்ட பிறகு கரிமருந்தின் கசடு காற்றிலிருந்தே நீரை இழுக்கும். அன்றிரவே வெந்நீர் ஊற்றிக் குழலைக் கழுவித் துடைக்காவிட்டால் துருதான். இதற்கெல்லாம் மேலே புகை. ஹோர்ட்டன் சமவெளியில் காற்றில்லாத காலையில் முதல் வெடி வைத்தால், வெள்ளைப் புகை பனியோடு சேர்ந்து முகத்துக்கு முன்னே நிற்கும். இரண்டாவது குழலைக் கண்ணை மூடிக்கொண்டுதான் சுடவேண்டும்.

அந்தக் குறையைத் தீர்க்க வந்தது புகையற்ற மருந்து. பிரஷ்ய இராணுவக் கப்டன் ஷுல்ட்ஸ 1860களில் மரத்திலிருந்து செய்தார். 1882இல் ஈ.சி. மருந்து வந்தது. 1884இல் பிரான்சில் வியெய் இராணுவத் துவக்குக்கான மருந்தைச் செய்தார். இதில் ஷுல்ட்ஸ, ஈ.சி. இரண்டையும் நான் மதிப்பது ஒரு காரணத்துக்காக. வீட்டில் தோட்டா கட்டுகிறவன் கையில் இருந்தது பித்தளை அளவுக் கிண்ணம். ஷெஃபீல்ட் நகரத்துப் பட்டறைகள் செய்த அந்தக் கிண்ணத்தைப் பார்த்திருப்பீர்கள்: மரக் கைப்பிடி, உள்ளே ஏறி இறங்கும் தண்டு, தண்டில் ஒரு பக்கம் மருந்துக்கு இரண்டரை, இரண்டேமுக்கால், மூன்று டிராம் என்ற கோடுகள், மறுபக்கம் ஈயத்துக்கு அவுன்ஸ் கோடுகள். அந்தப் பழக்கத்தைக் கெடுக்காமல், கரிமருந்து நின்ற கோட்டிலேயே தங்களையும் அளக்கவிட்டன அந்த மருந்துகள். அதன் பிறகு வந்த அடர்த்தியான மருந்துகளோ அந்தக் கிண்ணத்தை எமனாக்கின. கரிமருந்து 3 டிராம் செய்கிற வேலைக்கு அவற்றில் எடையில் ஒரு சிறு பங்கே போதும். கோடு வரை கொட்டியவன் கையில் குழல் கிழிந்தது. கரிமருந்து சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் பொறுக்கும். புகையற்றது பொறுக்காது, அதை எடையால்தான் நம்பவேண்டும்.

இங்கேயும் தேர்வின் சூத்திரம் மாறவில்லை. ஈயம் லேசானால் வேகமாக எரியும் மருந்து, கனமானால் மெதுவாக எரியும் மருந்து. அமெரிக்காவில் பெயர்பெற்ற ரெட் டொட், கிரீன் டொட், புளூ டொட் என்ற மூன்றும் இந்த வரிசையில்தான் வேகம் குறைந்துகொண்டு போகின்றன. கறுப்புச் சில்லுகளுக்கிடையே அந்தந்த நிறத்தில் புள்ளிச் சில்லுகள் கலந்திருக்கும், டப்பா மாறினாலும் கண் கண்டுபிடிக்க. லேசான ஈயத்தின் பின்னால் மெதுவான மருந்தை வைத்தால் அழுத்தம் கட்டாது, பாதி எரியாமல் குழலில் கொட்டிக் கிடக்கும். கனத்தின் பின்னால் வேகமானதை வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லிவிட்டேன். கேப், தக்கை, கூடு இவற்றில் ஒன்றை மாற்றினாலும் அழுத்தம் மாறும். அதனால் மருந்து செய்தவனின் அட்டவணையில் உள்ளதை உள்ளபடி பின்பற்றுவதே இந்தக் கலையில் நாகரிகம். கற்பனைக்கு இதில் இடமில்லை. நல்ல பொருத்தத்தின் அடையாளம் ஓசையில் இல்லை. சத்தம் காது கிழிந்தால் நல்ல வெடி என்பது கோயில் திருவிழாக் கணக்கு. சுட்ட குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் சுத்தமாயிருக்கவேண்டும், உதை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்கவேண்டும்.

இப்படி வீட்டு மேசையில் தோட்டா கட்டுவது அமெரிக்காவில் பொழுதுபோக்கு. நம் நாட்டில் 1916ஆம் ஆண்டுத் துவக்குச் சட்டமும் 1956ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் இருக்கின்றன. அனுமதிப்பத்திரம் இல்லாமல் மருந்தைத் தொடமுடியாது. அது சரிதான் என்பது என் கட்சி. பன்றிக்கு வைத்த கட்டுத்துவக்கில் கால் போன மனிதர்களை ஆஸ்பத்திரி வாட்டுகளில் பார்த்த நாடு இது. யார் வந்தாலும் சுடுகிற துவக்கில் மருந்து மட்டுமே உண்டு, தேர்வு இல்லை. அதை இந்தக் கலையின் வரிசையில் சேர்க்கவே மாட்டேன்.

துரைமார் சுட்டதாகப் புத்தகங்கள் சொல்கின்றன. துவக்கைச் சுமந்தவர்களும், அவசரத்தில் மருந்து கிட்டித்து நீட்டியவர்களும் அந்தப் பக்கங்களில் பெரும்பாலும் பெயரில்லாமல் போனார்கள். அவர்கள் கைபட்ட சாமான்கள் இன்னும் பழைய பங்களா அலுமாரிகளில் கிடக்கும்: அளவுக் கிண்ணம், மருந்துக் குடுவை, தோட்டா வாய் மடிக்கும் கைச்சுழலி. பித்தளை விலைக்காகப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடாதீர்கள். கம்பளை பழைய பீகொக் தோட்டத்தில் தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கே கொடுங்கள். குடுவைக்குள் மருந்து மிச்சம் இருந்தால் மட்டும் குலுக்கிப் பார்க்காமல் பொலிசுக்குச் சொல்லுங்கள்.