மூச்சுப் பட்டை இல்லாத கடல்: வாஷ்ஜிரில் என் முதல் நாட்கள்

2010 டிசம்பர் 7 அன்று வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டின் மூன்றாவது விரிவாக்கமான கேட்டக்ளிசம் வெளியானது. 80ஆம் லெவலில் நின்றவர்களுக்கு இரண்டு வாசல்கள். ஒன்று ஹைஜால் மலை, இன்னொன்று கடலுக்கடியில் கிடக்கும் வாஷ்ஜிர். எங்கள் கில்டில் எல்லோரும் மலை ஏறினோம். "கடல் பக்கம் போயிடாதீங்க, தலை சுத்தும், லெவலும் ஏறாது" என்று ஒருவர் சொன்னார். நான் அதை அப்படியே நம்பிட்டேன். 2024 மே மாதம் கேட்டக்ளிசம் கிளாசிக் வந்தபோதுதான் முதல்முறையாகக் கடலில் இறங்கினேன். ஆக, இது பழைய இடத்தைப் பற்றி ஒரு புது ஆள் எழுதும் குறிப்பு.

நம்பினதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. ஒன்பது வயசில் ஊர்க் கிணற்றில் விழுந்தேன். சித்தப்பா தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டார். அப்புறம் நீச்சல் கற்றுக்கொண்டேன், ஆனால் இன்றைக்கும் தலை தண்ணீருக்குள் போனால் மனசுக்குள் எண்ண ஆரம்பித்துவிடுவேன். 2004இல் வந்த மூல விளையாட்டில் நீரில் மூழ்கினால் திரையில் ஒரு பட்டை தோன்றும். மூச்சு குறையக் குறைய அது சுருங்கும், காலியானால் உயிர் குறையும். அந்தப் பட்டை வந்தாலே நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவேன். பொம்மை மூழ்குவதற்கு நான் ஏன் மூச்சைப் பிடிக்கணும் என்று கேட்டால் பதில் கிடையாது.

கரையை விட்டு ரொம்ப தூரம் நீந்தினால் அங்கே 'களைப்பு' என்று இன்னொரு பட்டை. அதுவும் கொல்லும். மென்பொருள் எழுதுகிறவனுக்கு இதன் காரணம் சட்டென்று புரியும். வரைபடம் எங்கேயாவது முடியணும், முடியும் இடத்தில் சுவர் எழுப்பினால் அசிங்கமா இருக்கும். அதனால் கடலையே வேலியாக்கிட்டாங்க. ஆறு வருஷம் வேலியாக இருந்த அதே தண்ணீரை 2010இல் ஊராக மாற்றினார்கள். வாஷ்ஜிரைத் திட்டுகிறவர்கள் இந்தத் துணிச்சலைக் கணக்கில் எடுப்பதில்லை என்பது என் முதல் புகார்.

ஆரம்பம் அருமை. ஸ்டார்ம்விண்ட் துறைமுகத்தில் கப்பல் ஏறுகிறோம், நடுக்கடலில் ராட்சதக் கணவாய் மாதிரி ஒன்று கப்பலை உடைக்கிறது, கண் விழித்தால் மூழ்கிய கப்பலுக்குள் காற்று தங்கிய ஒரு மூலையில் கிடக்கிறோம். சுற்றிலும் தப்பிப் பிழைத்தவர்கள். வெளியே நாகாக்கள். அந்தச் சில நிமிஷங்களுக்கு மூச்சு என்பது நிஜமான பிரச்சினை. பிறகு ஒரு ஷாமன் நமக்கு ஒரு வரம் தருகிறார். நீருக்குள் சுவாசிக்கலாம், வேகமாக நீந்தலாம், கடல் தரையில் தாவித் தாவி ஓடலாம். அது கிடைத்ததும் பட்டை மறைந்தது. அப்போதுதான் கவனித்தேன், அதுவரை நிஜமாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் விமர்சகனாக யோசித்தால் அங்கேதான் இடிக்கிறது. மூச்சுப் பயத்தை எடுத்துவிட்டால் கடலில் கடல்தன்மை என்ன மிச்சம்? கொஞ்ச நேரத்தில் கடல்குதிரை ஒன்றும் வாகனமாகக் கிடைக்கிறது. வாஷ்ஜிருக்குள் மட்டும்தான் ஓடும், ஆனால் பறக்கிற வேகம். கிட்டத்தட்ட வானத்துக்கு நீலப் பெயின்ட் அடித்த மாதிரி ஆகிடுது. நான் விளையாடுவது மேஜ். கடலடியில் நின்று நெருப்புப் பந்து எறிகிறேன், அது ஜம்மென்று எரிந்துகொண்டே போகிறது! 2012இல் வந்த கில்ட் வார்ஸ் 2 விளையாட்டில் நீருக்குள் இறங்கினால் ஆயுதமே மாறும். ஈட்டி, திரிசூலம், ஹார்ப்பூன் துப்பாக்கி என்று தனி வரிசை. வாஷ்ஜிரில் தரைச் சண்டையை அப்படியே தூக்கித் தண்ணீரில் போட்டிருக்காங்க. தரையில் வட்டம் போட்டுப் பொழியும் பனிமழை மந்திரத்தை நடுநீரில் மிதக்கும் எதிரி மேல் எப்படிப் போடுவது? அவனுக்குத் தரை எது?

தலைசுற்றல் பற்றிச் சொன்னவர் பொய் சொல்லலை. முதல் நாள் நாற்பது நிமிஷத்தில் எழுந்து போய் எலுமிச்சை ஜூஸ் குடித்தேன். காரணம் தண்ணீர் இல்லை, வரைபடம். நிலத்தில் இரண்டு எண் போதும், நான் எங்கே இருக்கேன் என்று தெரிந்துவிடும். இங்கே மூன்றாவதாக ஆழம் என்று ஒன்று சேர்கிறது. ஆனால் மூலையில் இருக்கும் சின்ன வரைபடம் அதே பழைய தட்டை வரைபடம். தேடும் ஆள் சரியாக என் புள்ளி மேலேயே இருப்பதாகக் காட்டும். மேலே பார்த்தால் பாசி, கீழே பார்த்தால் பாறை. ஆள் பாறைக்குள் குடைந்த குகையில் இருப்பார், குகை வாசல் வேறொரு சரிவில் இருக்கும். முப்பரிமாணத் தரவை இருபரிமாணத் திரையில் அழுத்திக் காட்டும்போது தொலைவது எப்போதும் பயனருக்கு வேண்டிய அந்த ஒரு எண்தான். மக்கள் கடலை வெறுத்தார்கள் என்பதை நான் ஏற்கலை. உயரம் காட்டும் ஒரு சின்ன அம்புக்குறி இருந்திருந்தால் பாதிப் பேர் பழகியிருப்பார்கள் என்பது என் கணிப்பு.

கண்ணுக்கு விருந்து என்பதில் சந்தேகமே இல்லை. மூன்று பகுதிகள். கெல்ப்தர் காடு பச்சை, ஷிம்மரிங் எக்ஸ்பான்ஸ் பவளமும் இடிபாடுமாகப் பளபளப்பு, அபிஸல் டெப்த்ஸ் இருட்டு. நிஜக் கடலில் சிவப்பு நிறம்தான் முதலில் சாகும். பத்து மீட்டர் ஆழம் போனாலே சிவப்புத் துணி மங்கிப் பழுப்பாகிடும். இங்கே என் மேஜின் சிவப்பு அங்கி கடைசி ஆழம் வரை சிவப்பாகவே இருந்தது. அதை மன்னிக்கலாம், எதிரியை அடையாளம் தெரியணுமே. நான் ரசித்தது வேறொன்று. நீல மூட்டத்தால் தூரத்தை மறைத்து, பக்கத்தில் போன பிறகே இடிபாடுகளை மெதுவாகத் தெரிய வைக்கிறாங்க. ஒரு தூண் தெரிந்தது, அப்புறம் இன்னொன்று, அப்புறம் மொத்த நகரமும். அங்கே சண்டை போடாமல் கொஞ்ச நேரம் சும்மா மிதந்தேன்.

கதையிலும் ஒரு நல்ல விஷயம் இருக்கு. சில குவெஸ்ட்களில் நாம் ஒரு நாகா வீராங்கனையின் கண்களுக்குள் போய் அவளுடைய பழைய போரை விளையாடுகிறோம். அதுவரை வெட்டித் தள்ளிய எதிரியாகவே நின்று அவளுக்கு ஜெயித்துக் கொடுக்கிறோம். வெளியே வந்து அடுத்த நாகாவை அடிக்கும்போது கை ஒரு நொடி தயங்கியது. இதை இன்னும் அதிகமாகச் செய்திருக்கணும். ஆனால் கதைக்கு முடிவே இல்லை. த்ரோன் ஆஃப் த டைட்ஸ் டன்ஜன் முடிவில் கடலின் அதிபதி நெப்டுலானை ஓஸுமாட் தூக்கிக்கொண்டு போகிறது. அதைத் தொடரத் திட்டமிட்ட அபிஸல் மா ரெய்டு கைவிடப்பட்டது. அதனால் இவ்வளவு பெரிய கடல் ஒரு பாதி வாக்கியத்தோடு நிற்கிறது.

2019 ஜூனில் அதே விளையாட்டில் நஸ்ஜதார் வந்தது. அதுவும் கடலடி நாடுதான். ஆனால் கதைப்படி ராணி அஸ்ஷாரா கடலையே பிளந்துவிடுகிறாள். சுற்றிலும் நீர்ச் சுவர், நடுவில் காய்ந்த தரை, நாம் காலால் நடக்கிறோம். பார்க்கப் பிரமாதம். எனக்கு மட்டும் அது ஒரு ராஜினாமாக் கடிதம் மாதிரி இருந்தது. வாஷ்ஜிரில் தீர்க்காத கணக்கை, தண்ணீரை வெளியேற்றித் தீர்த்துட்டாங்க.

நேற்று ராத்திரி அபிஸல் டெப்த்ஸ் விளிம்பில் கடல்குதிரையை நிறுத்திக் கீழே பார்த்தேன். ஒன்றுமே தெரியலை. பட்டை இல்லை, மூச்சு முட்டாது, எல்லாம் தெரியும். இருந்தாலும் இறங்கும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டேதான் இறங்கினேன்.