கண்ணாடி வீடு யாருக்காக?

கொரியாவிலும் வடகிழக்குச் சீனாவிலும் ‘நெருப்பு வயிற்றுத் தேரை’ என்றொரு சிற்றுயிர் வாழ்கிறது. நீளம் சுமார் 5 செ.மீ. முதுகு பச்சை; வயிறோ கருந்திட்டுகள் கொண்ட சிவப்பு. பகை நெருங்கினால் உடலை வளைத்து அந்தச் சிவப்பைக் காட்டும். ‘என் தோலில் நஞ்சு உண்டு’ என்ற எச்சரிக்கை அது! இந்த அழகுக்காகவே அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிறார்கள். செடிகள் வைத்த அத்தொட்டிக்கு டெர்ரேரியம் என்று பெயர்.

இத்தகைய தொட்டியின் முன்னோடி 1829இல் லண்டனில் தற்செயலாகத் தோன்றியது. நதானியல் வார்டு என்ற மருத்துவர், ஈரமண் இட்ட புட்டியில் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை வைத்து மூடினார். மண்ணில் பெரணியும் புல்லும் முளைத்தன. ஆவியான நீர் கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணுக்கே திரும்பியதால் அவை வாடாமல் வளர்ந்தன.

செடிக்கு இது அருமையான ஏற்பாடு. ஆனால் தேரைக்கும் இதே மூடிய தொட்டி போதும் என்று கொள்வது தவறு. ஏன் என்று பார்ப்போம்.

முதலாவது, வெப்பம். ஈரத்தோலிலிருந்து நீர் ஆவியாகும்போது உடல் குளிர்கிறது. மூடிய தொட்டியில் காற்று நீராவியால் நிறைந்திருப்பதால் ஆவியாதல் தடைப்படும். மழைக்காலத்தில் மண்பானை நீர் அவ்வளவாகக் குளிர்வதில்லையே, அதே காரணம்தான். அத்தொட்டியை வெயில்படும் சன்னலோரம் வைத்தால் தேரைக்கு அதுவே உலை. இதற்கு ஏற்றது 18 முதல் 24 டிகிரி செல்சியஸ். ஆகவே மூடி கம்பிவலையாக இருக்கட்டும்.

இரண்டாவது, நீர். தேரை வாயால் குடிப்பதில்லை; தோலால் உறிஞ்சுகிறது. இந்த இனத்துக்குத் தொட்டியில் பாதியாவது ஆழமற்ற நீர் வேண்டும். கழிவிலிருந்து வரும் அம்மோனியா அதே தோல் வழியே உள்ளே போகும் என்பதால் நீரை அடிக்கடி மாற்ற வேண்டும். குழாய்நீரைத் திறந்த பாத்திரத்தில் ஒரு நாள் வைத்தால் குளோரின் வெளியேறும். குளோரமின் கலந்த நீருக்கு இது உதவாது. அதை நீக்கும் மருந்து தேவை.

மூன்றாவது, அலங்காரம். வண்ணக் கூழாங்கற்கள் நம் கண்ணுக்கு விருந்து. இரையோடு அவற்றை விழுங்கும் தேரைக்கோ ஆபத்து. ஒளிந்துகொள்ள ஒரு மரப்பட்டை வைத்தால், அதுவே அதற்குப் பெரிய அலங்காரம்.

இன்னொன்று. உலகெங்கும் தவளையினங்களை அழித்துவரும் பூஞ்சைநோய் ஆசியாவில் தோன்றியது என்றும், செல்லப்பிராணி வணிகம் அதைப் பரப்புகிறது என்றும் 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. எனவே வளர்த்த தேரையையோ தொட்டி நீரையோ குளத்தில் விடலாகாது.

இனி ஓர் அழகிய தொட்டியைப் பார்த்தால், நம் கண்ணை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். தேரையின் தோலையும் கேளுங்கள்.