பாய்ச்சலின் உயரமும் பயிற்சியின் பாரம்பரியமும்

1958ஆம் ஆண்டு டோக்கியோவில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டு விழாவிலே, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பழைய மாணவரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் 2.03 மீற்றரைத் தாண்டி, ஆசிய விழாக்களில் இலங்கை கண்ட முதலாவது தங்கப் பதக்கத்தை ஈட்டித் தந்தார். 2021இல் இலங்கை வீரர் உஷான் திவங்க தாண்டிய உயரமோ 2.30 மீற்றர். இடையிலுள்ள இருபத்தேழு சென்ரிமீற்றரைக் கண்டு, முந்தைய சந்ததியாரின் தேகபலம் குறைவென்று கொள்வது நியாயமாகுமா? தைப்பொங்கல் கழிந்து பாடசாலைகள்தோறும் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் களைகட்டும் வேளையில், வன்னியிலுள்ள மாங்குளத்திலிருந்து இவ்வினாவை எழுப்புவதற்குத் தக்க காரணம் உண்டு.

உலக சாதனையும் ஏறக்குறைய இதே அளவில்தான் ஏறியிருக்கிறது. 1957இல் யூரி ஸ்டெபானோவ் 2.16 மீற்றர் பாய்ந்தார். 1993இல் ஹவியர் சொட்டோமேயர் 2.45 மீற்றர் பாய்ந்தார். இவ்வுயர்வின் இரகசியத்தில் பெரும்பங்கு, பாய்பவர் வந்து விழும் இடத்திலே இருக்கிறது. மணலோ மரத்தூளோ நிரப்பிய குழியில், பாய்பவர் காலையோ கையையோ முதலில் ஊன்றியாக வேண்டும். முதுகுப்புறமாக விழத் துணிந்தால் கழுத்துக்கே ஆபத்து. தடித்த மெத்தை வந்த பின்னரே, 1968இல் மெக்சிக்கோவில் டிக் பொஸ்பரி வளைந்து ஓடிவந்து, கம்பிக்கு முதுகைக் காட்டி எழும்பி, 2.24 மீற்றர் தாண்டித் தங்கம் வென்ற முறை சர்வசாதாரணமாயிற்று. அம்முறையில் தலையும் முதுகும் காலும் ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பியைக் கடப்பதால், சரீரத்தின் ஈர்ப்புமையம் கம்பிக்குக் கீழாகச் சென்றாலும் பாய்ச்சல் வெற்றி பெறக்கூடும். ஆகவே கம்பி ஏறிய அளவு முழுவதும் மனிதனின் கால்வலு ஏறிய அளவன்று.

கோலூன்றிப் பாய்தலில் இவ்வுண்மை இன்னும் தெளிவு. 1942இல் கொர்னீலியஸ் வார்மர்டாம் மூங்கிற் கோலைப் பற்றி 4.77 மீற்றர் பாய்ந்தார். இன்று ஆர்மண்ட் டுப்லாண்டிஸ் ஆறு மீற்றருக்கு மேலே எழுவது, ஓட்டத்தின் வேகத்தை வளைந்து வாங்கி நிமிர்ந்து திருப்பிக் கொடுக்கும் நாரிழைக் கோலின் துணையாலேயே. தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியில் உருவான அனிதா ஜெகதீஸ்வரன் இந்நிகழ்ச்சியில் தேசிய சாதனையைப் பன்முறை புதுப்பித்தாரெனில், அவருடைய அசாத்தியமான திறமையோடு கோலும் மெத்தையும் பயிற்றுநரின் இடைவிடாத சிரத்தையும் அங்கே ஒருங்கு கூடின என்பதே அதன் பொருள்.

சரீரமே மாறவில்லை என்று நான் வாதிடவில்லை. போஷாக்கு உயர்ந்தது, அந்தந்த நிகழ்ச்சிக்கு இசைந்த தேகவாகு உடையோரைத் தேடித் தெரியும் வழக்கமும் வலுத்தது. ஆயினும் ஒரு சந்ததி கற்றதை மறு சந்ததிக்குக் கையளிக்கும் தொடர்ச்சியே இவையனைத்திலும் பிரதானமானது. வன்னியில் யுத்தம் அறுத்தது அத்தொடர்ச்சியையே. ஓடிப் பழக வேண்டிய வயதில் இடம்பெயர்ந்து உயிர் காக்க ஓடிய பிள்ளைகள், இன்று பெற்றோராகி மைதான ஓரத்தில் நிற்கின்றனர். அவர்களிடம் இல்லாதிருந்தது வலுவன்று, வாய்ப்பே. முல்லைத்தீவு முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மையார், எழுபது வயதைக் கடந்த பின், 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் இரண்டு தங்கப் பதக்கங்கள் வென்றதே இதற்குப் போதிய சாட்சியம்.

எனவே, வெறுங்காலுடன் செம்மண் தரையில் ஓடிவந்து மணற்குழிக்குள் குதிக்கும் மாங்குளத்துப் பிள்ளையின் உயரத்தைத் தேசியப் பட்டியலோடு ஒப்பிட்டுத் தீர்ப்புக் கூறுவது, பிள்ளையை அளப்பதாகாது. நாம் அதற்குக் கொடுக்கத் தவறியவற்றை அளப்பதாகும். ஏ-9 வீதியும் முல்லைத்தீவு வீதியும் சந்திக்கும் இவ்வூரிலே, அயற் பாடசாலைகள் பொதுவாகப் பயன்படுத்தத்தக்க ஒரு நல்ல மெத்தையும், வருடம் முழுவதும் தங்கியிருந்து கற்பிக்கும் ஒரு பயிற்றுநரும் முதலில் அமையட்டும். பதக்கக் கணக்கை அதன் பின்னர் கேட்பதே நீதி.