சேவல் கழுத்து, தேனீ உடம்பு

மூன்றாவது வீச்சில் முழுகிவிட்டது. மிதப்பதற்கென்றே தூண்டில் முள்ளில் கட்டிய ஈ அது. ஆத்தூர்ப் பக்கம் ஒரு குளத்து மடையில், நனைந்த பஞ்சு மாதிரிக் கீழே போனது. கரையில் குத்துக்காலிட்டிருந்த குளத்துக் குத்தகைக்காரர், "ஏந் தம்பி, இது மீனுக்கா நண்டுக்கா?" என்றார்.

ஆறு வாரமாக நான் புழங்கும் சாமான், இணையத்தில் தருவித்த, 'ஃப்ளை' என்கிற இந்த ஈயைக் கட்டும் கிட். இடுக்கி முள்ளை நழுவ விடுவதில்லை, நூல் அறுவதில்லை. ஈயை வீசும் ஒன்பதடி, ஐந்தாம் நம்பர் தூண்டில் தடியைப் பற்றி யூடியூபில் ஊரே பேசித் தீர்த்துவிட்டது. என் வழக்கு அந்தப் பெட்டியில் வந்த இறகோடு மட்டும்தான்.

நான் கட்ட ஆசைப்பட்டது 'ஸ்டீல்ஹெட் பீ' என்னும் தேனீ. கனடாவின் கேம்பெல் ஆற்றங்கரையில் வாழ்ந்த எழுத்தாளர் ரோடரிக் ஹேக்-பிரவுன் (1908–1976) உருவாக்கியது. உடம்பு பழுப்பு, மஞ்சள், பழுப்பு என்று மூன்று பட்டை. வாலும் இறக்கையும் அணில் வால் முடி. தலைப்பக்கம் செந்நிறச் சேவலின் கழுத்து இறகு. கடலுக்குப் போய் ஆற்றுக்குத் திரும்பும் ரெயின்போ ட்ரௌட்டைத்தான் ஸ்டீல்ஹெட் என்கிறார்கள். கடலையே பார்க்காத அதன் சொந்தக்காரர்கள் நீலகிரியில் உண்டு, எச்.சி. வில்சன் 1907-இல் அவலாஞ்சியில் மீன்குஞ்சுப் பொரிப்பகம் கட்டிய புண்ணியம். சமவெளியில் நமக்கு வாய்த்தது கெண்டையும் ஜிலேபியும். இருக்கட்டுமே. மழை விட்ட சாயங்காலம் ஈசல் தண்ணீரில் விழும்போது கெண்டை 'பொளக்'கென்று மேலே வந்து வாய் திறப்பதைப் பார்த்தவனுக்கு, மிதக்கும் ஈயின் சூத்திரத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தச் சூத்திரம் முழுக்க இறகில் இருக்கிறது. தண்டைப் பிடித்து முள்ளைச் சுற்றி ஐந்தாறு சுற்றுச் சுற்றினால், இழைகள் நாலாபுறமும் விறைத்து நிற்க வேண்டும். நீர்ப்பூச்சி கால் ஊன்றுவதுபோல இழைநுனிகள் தண்ணீரின் தோலைக் கிழிக்காமல் நிற்கும். இழை மெத்தென்று இருந்தால் தண்ணீரைக் குடிக்கும், அவ்வளவுதான். கிட்டில் வந்ததோ தலையணைக்கு அடைக்கிற ரகம். போதாததற்குச் சாயம் வேறு. விரலில் மூன்று நாள் சிவப்புப் போகவில்லை. இதற்குப் பன்னிரண்டு பொட்டலம், ஒவ்வொன்றிலும் 'பிரீமியம்' என்ற சீட்டு!

இதில் எனக்கு எரிச்சல் எங்கே என்றால், உலகம் முழுக்க ஈ கட்டுகிறவர்கள் ஒரு காலத்தில் இந்தியச் சேவல் கழுத்தைத்தான் வாங்கிக் கட்டினார்கள். நானோ கிளிமூக்கு விசிறிவால் சேவலுக்குக் கண்காட்சி நடத்துகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு சாயம் போகும் இறகுக்குக் காசு கொடுத்திருக்கிறேன்.

தெருக்கோடியில் சேவல் வளர்க்கும் அண்ணனிடம் போனேன். "ஒரு முடியப் புடுங்குனாலும் எனக்கும் உனக்கும் பேச்சு கெடையாது. உதுந்தத வேணா பொறுக்கிக்க" என்றார். நாலு வயசுச் செவலை. கூண்டடியில் கிடந்தது பத்து இறகு. ஒன்றை வளைத்து உதட்டில் அழுத்திப் பார்த்தேன். ஊசி மாதிரிக் குத்தியது!

மற்றதெல்லாம் தானாக வந்து சேர்ந்தது. உடம்புக்குச் சின்னாளபட்டிப் பட்டு நூல். அமெரிக்க அணிலுக்கு நான் எங்கே போவேன்? ராமர் கோடு போட்ட நம்மூர்ப் பிள்ளையைத் தொட மனசில்லை, சட்டமும் விடாது. தோல் மண்டி இருக்கிற ஊரில் ஆட்டு வால் முடிக்கா பஞ்சம்? சிறுமலையில் கூவும் காட்டுச்சேவலின் பொட்டு வைத்த கழுத்து இறகுக்காக அந்தக் காலத்து வெள்ளைக்காரன் உயிரை விட்டான். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அதையும் தொடக்கூடாது. நல்லதுதான்.

புதுத் தேனீக்குத் துளி வாஸ்லின் தடவி மடைவாயில் வீசினேன். ஸ்டீல்ஹெட்காரர்கள் செய்வதுபோல, ஓட்டத்துக்குக் குறுக்கே மெல்ல இழுத்தேன். பின்னால் ஒரு சின்னக் கீற்று விழுந்தது. இருபது வீச்சு ஆகியும் முழுகவில்லை. இருபத்தோராவதில் பொளக். உள்ளங்கை நீளக் கெண்டை. ஐந்து கிலோ ஸ்டீல்ஹெட் இழுக்கிற இழுப்பு எனக்குத் தெரியாது. தங்கூஸ் விரலில் அதிர்ந்தது மட்டும் நிஜம். நனைந்த ஈயை இரண்டு முறை காற்றில் உதறினால் மறுபடி மிதந்தது.

குறை இல்லாமல் இல்லை. தடியைப் பின்னால் வீசும்போதெல்லாம் சீமைக்கருவேலம் ஒரு ஈயை வாங்கிக்கொள்கிறது. இதுவரை அதற்குப் போனது ஐந்து, மீனுக்குப் போனது ஒன்று. கட்டியதே ஏழுதான்.

மிச்சம் மூன்று இறகு தீப்பெட்டியில் இருக்கிறது. செவலை அடுத்து உதிர்க்கும்வரை அதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். கிட்டில் வந்த பன்னிரண்டு பொட்டலத்தையும் சேவல்கார அண்ணன் வாங்கிக்கொண்டார். காது குடைய நன்றாக இருக்கிறதாம்.