நாலு சக்கர எஞ்சின்

மலிவான பொருளைப் பற்றி விமரிசனம் எழுதுவது சற்றுச் சங்கடமான காரியம். "இந்த விலைக்கு இதற்கு மேல் என்ன ஐயா எதிர்பார்க்கிறீர்?" என்று ஒரு கட்சி வாயை அடைத்துவிடும். "மலிவு என்றாலே மட்டந்தானே, இதில் ஆராய என்ன இருக்கிறது?" என்று இன்னொரு கட்சி கையை உதறிவிடும். இரண்டு கட்சியும் பார்ப்பது விலைச் சீட்டைத்தான். மலிவுப் பதிப்பு நாவல்கள் விஷயத்தில் இந்தக் கூத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். பொம்மை ரயில் எஞ்சின் விஷயத்திலும் அதே கூத்துத்தான் நடக்கிறது.

நான் சொல்வது இங்கிலாந்தில் வழங்குகிற வகை. நிஜ எஞ்சினை 76இல் ஒரு பங்காகச் சுருக்கி, 16.5 மில்லிமீட்டர் அகலமுள்ள தண்டவாளத்தில் 12 வோல்ட் மின்சாரத்தைக் கொண்டு ஓட்டுவது. இதில் மிகவும் மலிவானது, நாலே சக்கரம் கொண்ட குட்டி எஞ்சின். கிறிஸ்துமஸுக்குக் குழந்தைக்கு வாங்கித் தருகிற சிறிய பெட்டியில், வட்டத் தண்டவாளத்தோடும் இரண்டு மூன்று சரக்கு வண்டிகளோடும் பெரும்பாலும் இதுதான் இருக்கும். பல வீடுகளில் இதுவே முதல் எஞ்சின். கடைசி எஞ்சினும் இதுவே. நன்றாக ஓடினால் பையன் இன்னும் நாற்பது வருஷத்துக்கு இந்தப் பைத்தியத்தை விடமாட்டான். ஓடாவிட்டால் அடுத்த மாதமே பெட்டி பரணில் ஏறிவிடும். ஆகையால் இதன் குணதோஷங்களை விசாரிப்பது அற்ப விஷயம் அல்ல.

முதலில் கொஞ்சம் சரித்திரம். லிவர்பூலில் மெக்கானோ கம்பெனியை நடத்திய ப்ராங்க் ஹார்ன்பி 1920இல் சாவி கொடுத்து ஓட்டும் ரயில்களை விற்க ஆரம்பித்தார். 1938இல் அந்தக் கம்பெனி 'ஹார்ன்பி டப்ளோ' என்ற சிறிய அளவு ரயிலைக் கொண்டுவந்தது. உலோகத்தில் வார்த்த எஞ்சின், கையில் எடுத்தால் கனக்கும், விலையும் கனக்கும். 1950களில் லைன்ஸ் பிரதர்ஸ் என்ற கம்பெனி 'ட்ரை-ஆங்' என்ற பெயரில் ப்ளாஸ்டிக் ரயில்களை மார்கேட் என்ற ஊரிலிருந்து அனுப்பத் தொடங்கியது. விலை குறைவு. டப்ளோ வைத்திருந்தவர்கள் ப்ளாஸ்டிக்கைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆனால் 1964இல் மெக்கானோவை லைன்ஸ் பிரதர்ஸ் வாங்கிவிட்டது. 1971இல் லைன்ஸ் பிரதர்ஸும் முறிந்தது. அடுத்த வருஷம் மார்கேட் ரயில்கள் 'ஹார்ன்பி ரெயில்வேஸ்' என்ற பெயர் பூண்டன. உசத்தியான சரக்கின் பெயரும், மலிவான சரக்கின் உடம்பும் சேர்ந்து பிழைத்துக்கொண்டன. மலிவைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் இந்த ஒரு விஷயத்தை மறக்காமல் இருப்பது நல்லது.

அந்த ட்ரை-ஆங் காலத்தில் வந்தவள் 'நெல்லி' என்ற நீல நிற எஞ்சின். 'பாலி' என்ற சிவப்பு நிறத் தங்கையும் உண்டு. நிஜத்தில் ஓடிய எந்த எஞ்சினுக்கும் இவை அச்சு அசலான பிரதிகள் அல்ல. பிற்பாடு ஹார்ன்பி பெயரில் வந்த 'ஸ்மோக்கி ஜோ'வுக்கு நிஜ மூலம் உண்டு. ஸ்காட்லாந்தில் கலிடோனியன் ரயில்வே வைத்திருந்த, 'பக்' என்று செல்லமாக அழைக்கப்பட்ட குட்டி எஞ்சின்தான் அது.

இங்கே ஒரு தப்பபிப்பிராயத்தை நீக்கவேண்டும். நாலு சக்கர எஞ்சின் என்பது பெரிய எஞ்சினை வாங்கக் காசில்லாதவனுக்காகக் கற்பித்த பொம்மை என்று பலர் நினைக்கிறார்கள். நிஜ ரயில்வேயிலேயே அது தனி ஜாதி. துறைமுகங்களிலும் தொழிற்சாலை முற்றங்களிலும் தண்டவாளம் வெடுக்கென்று திரும்பும். எக்ஸ்பிரஸ் எஞ்சின் அங்கே போனால் தடம் புரண்டுவிடும். லிவர்பூல் துறைமுகத்தில் சரக்கு வண்டிகளை இழுத்துத் திரிந்தவை இப்படிப்பட்ட குட்டிகள்தாம். சிறுகதை நாவலின் சுருக்கம் அல்ல என்று நாம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறோம். எஞ்சின் விஷயத்திலும் அதேதான்.

ஆகவே இதன் முதல் குணம் சிறுமையே. ஹார்ன்பி செட்டில் மிகவும் குறுகிய வளைவின் ஆரம் 371 மில்லிமீட்டர். சாப்பாட்டு மேஜையின் மேல் முழு வட்டம் போட்டுவிடலாம். பெரிய எஞ்சின்கள் பலவற்றுக்கு 438 மில்லிமீட்டராவது வேண்டும். குட்டி எஞ்சின் தன் வளைவில் சுகமாகத் திரும்பும். இடமில்லாத வீட்டிலும் ஒரு சின்னத் துறைமுகமோ, ஒரு தொழிற்சாலையோ அமைத்துவிடலாம்; அதில் பொய்யும் இராது.

இரண்டாவது குணம், பயமின்மை. விலை உயர்ந்த எஞ்சினில் தலைமயிர் போன்ற கம்பிகளும் ஏணிகளும் இருக்கும், தொட்டால் உதிரும். அதை வாங்கியவர் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, வருகிறவர்களுக்குக் காட்டுவார். மலிவு எஞ்சினைப் பையன் கையில் எடுப்பான், கீழே போடுவான், திருகைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பான். ஒரு பொருளைத் தெரிந்துகொள்ள இதைவிட வேறு வழி எனக்குத் தெரியாது.

இனி தோஷங்கள். அவை மூன்று, மூன்றும் ஒன்றோடொன்று பின்னியவை.

ஒன்று, நின்று நின்று போவது. எஞ்சின் தன் சக்கரங்கள் வழியாகத்தான் தண்டவாளத்திலிருந்து மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது. பக்கத்துக்கு இரண்டே சக்கரம். ஒன்றின் கீழ்த் தூசி இருந்தால் மற்றது காப்பாற்றவேண்டும். பாதை பிரியும் இடத்தில், தண்டவாளங்கள் குறுக்கிடும் முனையைச் சாதாரணச் செட்டுகளில் மின்சாரம் பாயாத ப்ளாஸ்டிக்கால் செய்துவிடுகிறார்கள். நீளமான எஞ்சின் மற்ற சக்கரங்களின் தயவால் அதைத் தாண்டிவிடும். குட்டி அங்கேயே நின்று, விரலால் தள்ளிவிட ஆள் தேடும்.

இரண்டு, எடைக் குறைவு. நீளத்தை 76இல் ஒரு பங்காக்கினால் எடை அதே கணக்கில் குறைவதில்லை. 76ஐ மூன்று தடவை பெருக்கி வரும் தொகையால், அதாவது சுமார் 4,39,000ஆல், வகுத்துக்கொண்டு குறைகிறது. 25 டன் எஞ்சினை நியாயமாகச் சுருக்கினால் 57 கிராம்தான் நிற்கும்! இந்த இறகுக் கனத்தில் சக்கரம் தண்டவாளத்தை எப்படி அழுத்தும்? உள்ளே ஒரு கனமான உலோகத் துண்டை வைத்தால்தான் உண்டு. மலிவில் அதைக் கஞ்சத்தனமாகவே வைக்கிறார்கள். சில எஞ்சின்களில் சக்கரத்துக்கு ரப்பர் வளையம் மாட்டி இழுக்கும் சக்தியைக் கூட்டுகிறார்கள். ஆனால் ரப்பர் மாட்டிய சக்கரம் மின்சாரம் எடுக்காது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கும் கதை.

மூன்றாவது பெரிய தோஷம், வேகம். துறைமுக எஞ்சின் மணிக்கு 8 கிலோமீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கில் பொம்மை ஒரு மீட்டர் தூரத்தைக் கடக்க 34 விநாடி ஆகவேண்டும். மலிவு எஞ்சினைத் திருகிவிட்டால் இரண்டே விநாடியில் பாய்ந்துவிடுகிறது. நிஜத்தில் அது மணிக்கு 137 கிலோமீட்டர்! கிழட்டுத் துறைமுக எஞ்சின் மெயில் வண்டியின் வேகத்தில் பறந்தால் யார் நம்புவார்கள்? வேகத்தைக் குறைக்கலாமே என்று திருகியைத் திருப்பினால் மெதுவாகப் போகாமல் நின்றே போகிறது. மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவே போதுமான பல்சக்கரங்கள் இல்லாததுதான் காரணம்.

மலிவாகச் செய்யவேண்டுமானால் எதையாவது குறைத்தே ஆகவேண்டும். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. எதைக் குறைத்தார்கள் என்பதுதான் என் கேள்வி. கைப்பிடிக் கம்பியைத் தனியாகப் பொருத்தாமல் உடம்போடு சேர்த்து வார்த்துவிட்டார்களா? நல்லது. பெயின்டில் நாலு கோடு குறைந்ததா? போகட்டும், கற்பனை அதை நிரப்பிக்கொள்ளும். ஆனால் எடையையும் பல்சக்கரத்தையும் குறைப்பது, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கை வைப்பது. கடை ஜன்னலில் எஞ்சின் சும்மா நிற்கிறது. அங்கே பெயின்டுதான் பேசும். வீட்டுக்கு வந்த பிறகு அது ஓடவேண்டும். அட்டைப் படத்துக்குச் செலவழித்துவிட்டுக் கதையில் மிச்சம் பிடிக்கிற பதிப்பாளரை நமக்குத் தெரியும். அவருடைய உறவினர்கள் பொம்மைத் தொழிலிலும் இருக்கிறார்கள்.

ரயிலின் அழகு அது மெதுவாகப் புறப்படுவதில் இருக்கிறது. நின்றிருந்த கனம் மனமில்லாமல் அசைந்து, பின் நகர்ந்து, பின் ஓடுகிறது. அந்த முதல் அரை அடி தூரத்தில் பார்ப்பவன் நம்பிவிடுகிறான். நம்பிவிட்டால் கம்பி இல்லாததும் கோடு இல்லாததும் அவன் கண்ணில் படாது. அது வாய்க்காத எஞ்சினில் எத்தனை நுணுக்கம் இருந்தும் பிரயோஜனமில்லை. இந்த ஒரு பரீட்சையில் தேறிய மலிவு எஞ்சினை, தேறாத உசத்தி எஞ்சினைவிட மேலானது என்று நான் தயங்காமல் சொல்வேன்.

வாங்கியாயிற்று, என்ன செய்வது என்பவர்களுக்கும் வழி உண்டு. தண்டவாளத்தையும் சக்கரத்தையும் அடிக்கடி துடைத்து வைத்தால் பாதி நோய் தீரும். உள்ளே இடம் இருந்தால் ஒரு கனமான துண்டைச் சேர்த்து ஒட்டலாம். பல்சக்கரத்துக்கு மட்டும் வீட்டு வைத்தியம் கிடையாது. ஆகவே இனிமேல் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் எஞ்சினை எவ்வளவு வேகமாக ஓடும் என்று காட்டச் சொல்லவேண்டாம். எவ்வளவு மெதுவாக ஓடும் என்று காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.